பிளேனோவா, ஃபிரிஸ்கோவா: ஒரே கரிசலில் இரண்டு ஊர்கள்

டெக்சஸில் டாலஸ் நகருக்கு வடக்கே வீடு வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களில் பல கடைசியில் பிளேனோவா, ஃபிரிஸ்கோவா என்ற கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. நாங்கள் ஃபிரிஸ்கோவில் மூன்று ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்துவிட்டு, 2019இல் பிளேனோவின் கிழக்குப் பகுதியில் 1988இல் கட்டப்பட்ட வீடு ஒன்றை வாங்கினோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிரிஸ்கோவில் எனக்குச் சொந்த வீடு இருந்ததில்லை. அந்த ஊர் வீடுகளின் பராமரிப்பைப் பற்றி நான் எழுதுபவை நண்பர்களின் வீடுகளில் பார்த்தவை மட்டுமே.

இரண்டுமே ரயில் பாதையால் வளர்ந்த ஊர்கள். பிளேனோ 1873இல் நகராட்சி ஆனது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குச் சமதளம் என்று பொருள். ஃபிரிஸ்கோ 1908இல் நகராட்சி ஆனது. செயின்ட் லூயிஸ் – சான் ஃபிரான்சிஸ்கோ ரயில்வேயின் செல்லப்பெயரே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. பிளேனோவின் மக்கள்தொகை 1960இல் 3,695; 1980இல் 72,331; 2000இல் 2,22,030; 2020இல் 2,85,494. ஃபிரிஸ்கோ 1990இல்கூட ஆறாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த சிற்றூர்தான். 2000இல் 33,714 ஆகி, 2010இல் 1,16,989ஐத் தொட்டு, 2020இல் 2,00,509ஐ எட்டியது. பரப்பளவு இரண்டுக்கும் ஏறத்தாழ 70 சதுர மைல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பிளேனோ ஏறி முடித்த படிகளில் ஃபிரிஸ்கோ ஒரு தலைமுறை தள்ளி ஏறிக்கொண்டிருக்கிறது என்பது விளங்கும். பிளேனோவில் காலி நிலம் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. ஃபிரிஸ்கோவின் வடக்கு ஓரத்தில் இன்னமும் மண் அள்ளும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

செல்வம் வந்த வழிதான் வேறு. 1980களில் ஈ.டி.எஸ். என்ற கணினிச் சேவை நிறுவனம் பிளேனோவில் லெகசி என்ற அலுவலகப் பூங்காவை உருவாக்க, அதன்பின் ஜே.சி.பென்னி என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் தலைமையகம் அங்கே வந்தது. கலிஃபோர்னியாவின் டொரன்ஸிலிருந்து புறப்பட்ட டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம் 2017இல் வந்து சேர்ந்தது. ஃபிரிஸ்கோ விளையாட்டை நம்பியது: 2005இல் கால்பந்து அரங்கம், 2016இல் டாலஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமையகமான ‘த ஸ்டார்’, 2022இல் பி.ஜி.ஏ. கோல்ஃப் அமைப்பின் தலைமையகம். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் டாலருக்கு ஒரே ஒரு காசு இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடையில் நாம் செலுத்தும் 8.25 சதவீத விற்பனை வரியில் 6.25 மாநிலத்துக்குப் போகிறது. எஞ்சிய 2 சதவீதத்தில் ஒன்று நகராட்சிக்கு. மிச்சமிருக்கும் அந்த ஒரு சதவீதத்தைப் பிளேனோ 1983 முதல் டார்ட் என்னும் பொதுப் போக்குவரத்து அமைப்புக்குக் கொடுத்துவருகிறது. ஃபிரிஸ்கோ டார்ட்டில் சேராமல், அதை இரண்டாகப் பிரித்துத் தன் இரண்டு வளர்ச்சிக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. அரங்கங்களையும் நிறுவனங்களையும் ஈர்க்கும் கைமுதல் அதுதான். அவர்களுக்கு அரங்கம், எங்களுக்கு ரயில். 2002இல் பிளேனோவுக்கு வந்த சிவப்புத் தடத்தோடு, 2025 அக்டோபரில் விமான நிலையம் வரை செல்லும் வெள்ளித் தடமும் சேர்ந்துவிட்டது. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் என் அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஃபிரிஸ்கோவில் இருந்தபோது நாங்கள் அலுவலகம் சென்ற பிறகு அவருடைய உலகம் சமையலறை ஜன்னலோடு முடிந்துவிடும். இங்கே பழைய பிளேனோ நிலையத்துக்கு நடந்தே போய், டாலஸ் வரை ரயிலில் சென்று, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

பள்ளிகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை, இரண்டும் நல்லவை. பிளேனோவில் 11, 12ஆம் வகுப்புகளுக்கென்று தனியாக மூன்று பெரிய சீனியர் பள்ளிகள் உண்டு. ஃபிரிஸ்கோவோ உயர்நிலைப் பள்ளிகளைச் சிறியனவாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையில் 2022இல் பன்னிரண்டாவது பள்ளியைத் திறந்தது. புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லைக் கோடுகளை மாற்றி வரைவார்கள் என்பதால், ஒரு பள்ளியை நம்பி வீடு வாங்கியவர் வேறொரு பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப நேரிடலாம். அதற்காகப் பிளேனோ நிலையானது என்று நான் மார்தட்டவும் முடியாது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துபோனதால் 2024இல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தார்கள், ஊரே கொதித்தது. ஃபிரிஸ்கோவிலும் ஒரு நடுநிலைப் பள்ளியை மூடும் முடிவு வந்துவிட்டது. இடையில் ஒரு எச்சரிக்கை: பிளேனோ முகவரி கொண்ட வீடுகள் சில ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் இருக்கின்றன. வீட்டின் முகவரியைப் பள்ளி மாவட்டத்தின் தளத்தில் இட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ரயிலும் அல்ல, பள்ளியும் அல்ல. வீட்டுக்கு அடியில் கிடக்கும் மண். கோவில்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த மண்ணை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கரிசல், அதே கரிசல். மழை பெய்தால் உப்பி மேலெழும். வெயில் காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். ஆகஸ்டு மாதக் கடைசியில் எங்கள் வீட்டின் மேற்குச் சுவரோரம் குனிந்து பார்த்தால், கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். இப்படி மூச்சு விடுகிற மண்ணின்மேல், ஆழமான அடித்தளம் இல்லாமல், ஒரே பலகையாக ஊற்றிய கான்கிரீட் ஸ்லாபின் மீதுதான் இரண்டு ஊர் வீடுகளும் பெரும்பாலும் நிற்கின்றன. மண் எல்லா இடத்திலும் ஒரே அளவாக ஏறி இறங்குமானால் தொல்லையில்லை. ஒரு மூலை மட்டும் காய்ந்து இறங்கும்போதுதான் செங்கல் சுவரில் படிக்கட்டு போல விரிசல் ஓடுகிறது, கதவு நிலையில் மாட்டிக்கொள்கிறது, எல்லாவற்றையும்விட மோசமாக, ஸ்லாபுக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழாய் உடைகிறது.

பழைய வீடு என்றால் ஃபவுண்டேஷன் செலவு, ஆகவே ஃபிரிஸ்கோவில் புதுசாக வாங்கு என்பதே எங்களுக்குக் கிடைத்த பொதுவான அறிவுரை. நானும் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது, இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டை விற்றவர் கொடுத்த ஒரு கோப்பு. டெக்சஸில் வீட்டை விற்பவர், தமக்குத் தெரிந்த குறைகளையும் முன்பு செய்த அடித்தளப் பழுதுபார்ப்பையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கோடையில் இங்கே 71 நாட்கள் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. அந்த வறட்சியில் வீட்டின் தென்மேற்கு மூலை இறங்கியிருக்கிறது. 2012இல் அதன்கீழ் 16 இடங்களில் பியர் எனப்படும் தூண்களை இறக்கி மூலையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். வேலை முடிந்த அன்று அறைவாரியாக எடுத்த மட்ட அளவுகள் ஒரு வரைபடமாகக் கோப்பில் இருந்தன. நாங்கள் 500 டாலர் கொடுத்து, பழுதுபார்க்கும் தொழிலில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துவந்தோம். அவர் அறை அறையாக மட்டம் எடுத்து, பழைய தாளைப் பக்கத்தில் விரித்து ஒப்பிட்டார். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் அங்குலம். ஏழு ஆண்டுகளில் அது மாறியதோ கால் அங்குலத்துக்கும் குறைவு.

அந்த இரண்டு தாள்கள்தான் என்னைப் பிளேனோ பக்கம் இழுத்தன. 1988இல் கட்டிய வீடு தன் சுபாவத்தைக் காட்டி முடித்துவிட்டது: எந்த மூலை இறங்கும், எந்த மரம் நீரை உறிஞ்சும், எந்த ஓரத்தில் மழைநீர் தேங்கும் என்பதெல்லாம் வெளியே வந்து, சரிசெய்யப்பட்டு, காகிதத்தில் பதிந்திருக்கிறது. 2017இல் கட்டிய வீட்டிடம் அப்படிப்பட்ட சாட்சியம் ஏதுமில்லை, அது 2011ஐப் பார்த்ததில்லை. ஸ்லாப் ஊற்றுவதற்கு முன் மண்ணுக்குள் நீரைச் செலுத்திப் பதப்படுத்தும் முறைகளையெல்லாம் இன்றைய கட்டுநர்கள் கையாள்கிறார்கள் என்பது உண்மை. அந்த வகையில் புது வீட்டின் தொழில்நுட்பம் பழையதைவிட மேலானதாகவே இருக்கலாம். கட்டுநர்கள் தரும் உத்தரவாதமும் பொதுவாக வேலைப்பாட்டுக்கு ஓராண்டு, குழாய், மின்சாரம் போன்றவற்றுக்கு இரண்டாண்டு, கட்டமைப்புக்குப் பத்தாண்டு என்று அமைகிறது. ஆனால் அந்தப் பத்தாண்டுப் பத்திரத்தில் கட்டமைப்புக் குறை என்பதற்குத் தரப்படும் வரையறை மிகக் குறுகலானது. என் நண்பரின் ஃபிரிஸ்கோ வீட்டில் கராஜ் கதவுக்கு மேலே செங்கல் பூச்சு பிளந்து, ஒரு நாணயத்தைச் செருகி வைக்கலாம் போல இருக்கிறது. பார்க்க வந்தவர் அது தோற்றக் குறை மட்டுமே, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று வீடுகளைப் பார்த்துவிட்டு ஒரு ஊரையே எடைபோடுவது நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும்.

பழைய வீட்டின் பராமரிப்பு இலவசமாக வந்துவிடவில்லை. பியர்களுக்குரிய வாழ்நாள் உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்கும் செல்லும் என்று விற்பனையின்போது எல்லோரும் சொன்னார்கள்; 60 நாட்களுக்குள் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. 52ஆம் நாள் இரவு பத்திரத்தின் பொடி எழுத்தைத் தற்செயலாகப் படித்து, மறுநாள் காலை அந்த நிறுவனத்தின் வாசலில் போய் நின்றேன். முதல் கோடையில் மண் காயாமலிருக்கச் சொட்டுக் குழாயைச் சுவரோடு ஒட்டிப் போட்டதும் என் தவறுதான்; ஓரடி, ஒன்றரை அடி தள்ளிப் போட்டால்தான் நீர் மண்ணுக்குள் சீராக இறங்குகிறது. பின்பக்கம் மழைநீர் வடிய ஒரு வடிகால் அமைத்தோம். முதலில் வந்த ஒப்பந்தக்காரர் சரிவை எதிர்ப்பக்கமாக வைத்துவிட்டதால், மொத்தம் 4,200 டாலர் ஆயிற்று. மாடியில்லாத எங்கள் வீட்டில் குளியலறைக் கதவு மட்டும் ஒவ்வொரு செப்டம்பரிலும் தாழ்ப்பாளில் விழ மறுக்கிறது. நவம்பர் மழைக்குப் பிறகு தானாகவே விழுகிறது. நிலைச்சட்டத்தில் தாழ்ப்பாள் வந்து இடிக்கும் இடத்தை ஆண்டுதோறும் பென்சிலால் குறித்து, பக்கத்தில் தேதி போட்டு வருகிறேன். ஆறு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுந்திருக்கின்றன.

கூரையைப் பொறுத்தவரை ஊர் வேறுபாடு கிடையாது. ஆலங்கட்டி மழை இரண்டு ஊர்களையும் ஒன்றுபோலவே அடிக்கிறது. சொத்து வரி விகிதங்களும் பெரிதாக விலகி நிற்கவில்லை. மாநில வருமான வரி இல்லாத டெக்சஸில் அந்தச் சுமையைச் சொத்து வரிதான் தாங்குகிறது. அதில் பெரும்பங்கு பள்ளிக்குப் போகிறது. குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரி கணக்கிடும்போது அதன் மதிப்பிலிருந்து கழிக்கப்படும் விலக்கு 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 டாலராக உயர்ந்தது இரண்டு ஊருக்கும் பொதுவான நிம்மதி. ஆனால் விகிதம் ஒன்றாக இருந்தாலும், ஃபிரிஸ்கோவின் வீடுகள் பெரியவை, புதியவை, மதிப்பு கூடியவை. ஆகவே வரிச் சீட்டின் கடைசித் தொகையும் கூடுதலாகவே வருகிறது. அதன்மேல், குடியிருப்புக்கு விதிகள் வகுக்கும் வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்.ஓ.ஏ.வின் சந்தா வேறு. எங்கள் தெருவில் கட்டாய ஹெச்.ஓ.ஏ. கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் தம் படகை வேலியோரம் நிறுத்தி வைத்திருப்பதும் அதனால்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுவிற்பனையில் யார் கை ஓங்கும் என்பதில் என்னால் உறுதியாகப் பேச இயலாது, நான் வாங்கியிருப்பதே ஒரே ஒரு வீடுதான். முழுதும் கட்டி முடிந்த ஊரில் புதிய வீடுகள் போட்டிக்கு வராது என்பது பிளேனோவுக்குச் சாதகம். ஆனால் ஊர் முதுமையடைவதை 1981இல் திறந்த காலின் கிரீக் மால் 2019இல் கதவடைத்தபோது கண்ணெதிரே பார்த்தோம். அந்த இடத்தை இடித்து மறுபடி கட்டுகிறார்கள். 2000இல் திறந்த ஃபிரிஸ்கோவின் ஸ்டோன்பிரையர் மாலில் இன்றும் வார இறுதியில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. உயரமான கூரை, மாடியில் ஊடக அறை, நடந்து போகும் தூரத்தில் நீச்சல் குளம், தெருவெல்லாம் தம் பிள்ளைகள் வயதுப் பிள்ளைகள் என்று விரும்புவோர்க்கு ஃபிரிஸ்கோவே பொருந்தும். எங்கள் தெருவில் என் மகளின் வயதில் வேறு ஒரே ஒரு சிறுமிதான் இருக்கிறாள்.

அந்தக் கராஜ் விரிசல்காரர் சென்ற மாதம் யோசனை கேட்டார். வீட்டை மாற்று என்று நான் சொல்லவில்லை. அவருடைய பத்தாண்டு உத்தரவாதம் 2027 டிசம்பரில் முடிகிறது. அதற்கு முந்தைய செப்டம்பரில், மண் நன்றாகக் காய்ந்து சுருங்கியிருக்கும்போது, சொந்தச் செலவில் ஒரு பொறியாளரை அழைத்து அறை அறையாக மட்டம் எடுத்து, தேதியிட்டு, கட்டுநருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒப்பிடுவதற்கான முதல் தாளை இந்த செப்டம்பரிலேயே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது என்றும் சொன்னேன். எங்கள் பொறியாளரின் எண்ணை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.