செமினார் வகுப்புக்கு மூன்று வழிகள்: தயாரிப்பு யார் தலையில்?

முதுகலை கால அட்டவணையில் 'செமினார்' என்று ஒரு கட்டம் இருக்கும். பல துறைகளில் அது புதிதாகச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளர் தலையிலோ ஆய்வு மாணவர் தலையிலோ வந்து விழும். "பசங்கதானே பேசப் போறாங்க, நீங்க உட்கார்ந்து கேட்டாப் போதும் சார்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்தப் பேச்சை நம்பி வெறுங்கையோடு போகிறவர், மூன்றாவது வாரம் தானே பலகைக்குப் போய்ப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.

செமினார் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு நாற்றங்கால் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டு பெர்லினில் வரலாற்றறிஞர் ராங்கே தன் மாணவர்களைத் தன் வீட்டில் உட்காரவைத்து மூல ஆவணங்களைப் பரிசோதிக்கப் பழக்கினார். மேசையில் ஆவணம், சுற்றி எல்லார் கண்ணும் அதன் மேல்: செமினார் என்றால் அங்கே அதுதான். நம் வளாகங்களில் அந்தப் பெயர், ஒருவர் எழுந்து நின்று பேச மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் சடங்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. அது ஒரு வழி. வேறு இரண்டும் இருக்கின்றன. மூன்றையும் ஒரே வகுப்பில், ஒரே பாடத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

வகுப்பு: எம்.ஏ. வரலாறு, 24 பேர். நேரம்: 50 நிமிடப் பீரியட் இரண்டு சேர்த்து 100 நிமிடம். (தனி 50 நிமிடத்தில் மூன்றில் எதுவும் ஒழுங்காக நடக்காது. அட்டவணை போடும்போதே தொடர்ந்து இரண்டு பீரியட் கேட்டு வாங்கிவிட வேண்டும்.) பாடம்: உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டுகள். ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு உறுப்பினர்களை எடுத்த விதிகள் இவை. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் ஒன்று, 921இல் ஒன்று. முதல் கல்வெட்டில் உறுப்பினர் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். இரண்டே ஆண்டில் விதி மாறியிருக்கிறது. செமினாருக்கு இதைவிட நல்ல தீனி கிடைப்பது அரிது.

ஒருவர் பேச, மற்றவர் கேட்க

நமக்குப் பழகிய வழி. தலைப்பைப் பிரித்துக் கொடுக்கிறோம், ஆளுக்கு 20 நிமிடம், பிபிடி, கடைசியில் "ஏதாவது டவுட் இருக்கா?" அதற்குப் பதில் மௌனம், பிறகு கைதட்டல்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24 பேர், ஆளுக்கு 20 நிமிடம் என்றால் 480 நிமிடம். ஒவ்வொருவரும் பேசுவது ஒரே ஒரு முறை. மற்ற 23 பேருடைய உரைகளுக்கும் அவர் படித்துவிட்டு வரவேண்டிய அவசியமே இல்லை, வருவதும் இல்லை. படிக்காதவரால் கேள்வி கேட்க முடியாது. மௌனத்துக்குக் காரணம் கூச்சம் என்று நினைத்து ஊக்கப் பேச்சு பேசுவது வீண் வேலை. கையில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

பேசுபவர் பக்கத்திலும் கோளாறு உண்டு. ஸ்லைடில் பத்தி பத்தியாக ஏற்றி, திரையைப் பார்த்தபடி வாசிப்பார்கள். குடவோலை என்றதும் 'உலகின் முதல் ஜனநாயகம்' என்ற வரி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். ஊர் பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம் என்பதும், நிலமும் வேதக் கல்வியும் தகுதியாக இருந்ததும் ஸ்லைடில் வராது.

ஆனாலும் இந்த முறையைத் தூக்கிப் போட முடியாது. மதிப்பெண் படிவம் இதை நம்பித்தான் இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்குத் தனியாக நின்று பேசும் பழக்கமும் வேண்டும். மூன்று திருத்தம் செய்தால் பாதி நோய் குறையும். ஒன்று, 20 நிமிடத்தை 12 பேச்சு, 3 எதிர்வினை, 5 விவாதம் என்று உடைப்பது. இரண்டு, ஒவ்வொரு உரைக்கும் எதிர்வினையாளர் ஒருவரை முன்கூட்டியே பெயர் சொல்லி நியமித்து, பேசுபவரின் ஒரு பக்கச் சுருக்கத்தை இரண்டு நாள் முன்பே அவர் கையில் கொடுத்துவிடுவது. எதிர்வினைக்கும் மதிப்பெண் உண்டு என்று அறிவித்துவிடுவது. மூன்று, மூன்று ஸ்லைடுக்கு மேல் கூடாது: கல்வெட்டின் படம், விவாதத்துக்குரிய வரி, ஒரு கேள்வி. 'நன்றி' என்று பூப்போட்ட நான்காவது ஸ்லைடு வேண்டவே வேண்டாம்.

வட்டமாக உட்கார்ந்து ஒரே பனுவல்

1930இல் எட்வர்ட் ஹார்க்னஸ் என்பவர் அமெரிக்காவின் பிலிப்ஸ் எக்ஸெட்டர் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தபோது வைத்த யோசனை இது: மாணவர்கள் சிறு குழுவாக ஆசிரியரோடு ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச வேண்டும். முட்டை வடிவ மேசைக்கு இன்றும் அவர் பெயர்தான். நமக்கு மேசை கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலி போதும். தரையோடு போல்ட் அடித்த பெஞ்சு உள்ள அறை என்றால் துறை நூலகத்தையோ கூட்ட அறையையோ கேட்டுப் பாருங்கள். வரிசையாக முதுகைப் பார்த்து உட்கார்ந்தபடி உரையாடல் நடக்காது.

இங்கே தயாரிப்பு எல்லார் தலையிலும் விழுகிறது. கல்வெட்டு வாசகத்தின் நகல் ஒரு வாரம் முன்பே கொடுக்கப்படும். முந்தின நாள் மாலைக்குள் ஆளுக்கு அரைத்தாள்: ஒரு கேள்வி, அது எந்த வரியிலிருந்து எழுந்தது என்ற குறிப்பு. கையால் எழுதியதாக இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னால் முதல் இரண்டு பேருடைய கேள்வியே உடை மாற்றிக்கொண்டு 22 முறை வரும். ஒரு தாளுக்கு 3 நிமிடம் வைத்தாலும் ஆசிரியருக்கு 72 நிமிட வேலை. இந்த 72 நிமிடத்தை ஒதுக்க முடியாதவர் இந்த வழிக்கு வரவேண்டாம். தாளை வாங்கிவிட்டு வகுப்பில் அதைத் தொடவே இல்லை என்று தெரிந்தால், மறுவாரம் 24க்குப் பதில் 9 தாள்தான் வரும்.

தொடக்கக் கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் முக்கால் விஷயம் இருக்கிறது. "சோழர் கால உள்ளாட்சி பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் பாடப்புத்தகத்துப் பத்தி ஒப்பிக்கப்படும், அதோடு முடிந்தது. "ஓலையை எடுக்க ஏதும் அறியாத சிறுவனை ஏன் விடுகிறார்கள்? மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏன் வாங்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர் கையை விரித்தே காட்டுவார்: "விரலிடுக்கில வேற ஓலை ஒளிச்சு வெச்சிருந்தா தெரிஞ்சிடும், மேடம்." அடுத்த கேள்வி தானாக வரும்: அப்படியானால் அதற்கு முன் ஏமாற்று நடந்திருக்கிறதா? அங்கிருந்து, வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்ட வரிக்குப் போகலாம். சட்டம் எழுதப்பட்டிருப்பதே அது மீறப்பட்டதற்குச் சாட்சியாகுமா என்று மாணவர்களே சண்டை போட ஆரம்பித்தால், ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது.

வாயைத் திறக்காமல் இருப்பது எளிதல்ல. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். அதை 3 விநாடியாக்கினாலே பதில்கள் நீண்டு, பேசாதவர்களும் பேசத் தொடங்கினார்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுவது நல்ல பழக்கம். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் அந்த நேரத்தில் ஒரு மடக்கு குடிக்கலாம்.

இதில் கெடுவது எண்ணிக்கையால்தான். 15க்கு மேல் போனால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பந்து போகும் திசையில் தலையைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். 24 பேருக்கு உள்வட்டம், வெளிவட்டம் என்று பிரிக்க வேண்டும்: 12 பேர் உள்ளே பேச, வெளியே இருக்கும் 12 பேரும் ஆளுக்கொரு பேச்சாளரைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். 45ஆவது நிமிடத்தில் இடம் மாற்றம். மொழியும் தடையாகும். ஆங்கில வழி வகுப்பு என்பதற்காக விவாதத்தையும் ஆங்கிலத்தில் கட்டாயப்படுத்தினால் பாதிப்பேர் வாய் மூடிவிடும். தமிழில் வெட்டப்பட்ட கல்வெட்டை ஆங்கிலத்தில்தான் விவாதிக்க வேண்டும் என்பதில் என்ன நியாயமோ தெரியவில்லை.

துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்க்கும் ஜிக்சா

1971இல் டெக்சாஸின் ஆஸ்டினில், இன ஒதுக்கல் நீக்கப்பட்ட பள்ளிகளில் பிள்ளைகளிடையே மூண்ட பகையைக் குறைக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் உருவாக்கிய முறை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு. அடுத்தவர் துண்டு இல்லாமல் யாருக்கும் முழுப்படம் கிடைக்காது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், ஹாஸ்டல் கூட்டம் கடைசி பெஞ்சு என்று உறைந்துபோன நம் வகுப்புகளுக்கு இது பொருந்துவதில் ஆச்சரியமில்லை. தயாரிப்பு வகுப்புக்குள்ளேயே நடந்துவிடும் என்பது இதன் பெரிய வசதி. பகுதிநேர வேலைக்குப் போய்விட்டு வரும் மாணவரும் இதில் பின்தங்க மாட்டார்.

நான்கு தாள் தயாரியுங்கள், ஒவ்வொன்றிலும் 6 பிரதி. மொத்தம் 24 ஜெராக்ஸ். முதல் தாளில் தகுதிகள்: வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம் (20 மா ஒரு வேலி, எனவே 5 மாவுக்கு மேல்), சொந்த மனையில் வீடு, வயது, வேதக் கல்வி, அரைக்கால் வேலியே இருந்தாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூல்) கற்றவருக்குத் தரப்பட்ட சலுகை. இரண்டாம் தாளில் விலக்கப்பட்டோர் பட்டியல். மூன்றாவதில் குடத்தில் ஓலை எடுக்கும் முறை. நான்காவதில் வாரியங்கள்: 30 குடும்புகளிலிருந்து (ஊரின் பிரிவுகள்) வந்த 30 பேரில் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6, பதவிக்காலம் 360 நாள்.

முன்னுரை 10 நிமிடம். பிறகு ஒரே தாள் வைத்திருப்பவர்கள் அறுவராகக் கூடி 25 நிமிடம் படிக்கிறார்கள். அடுத்து, நான்கு தாளிலும் ஒவ்வொருவர் இருக்கும்படி நால்வர் கொண்ட ஆறு குழுக்கள். ஆளுக்கு 7 நிமிடம் தன் துண்டை விளக்க, ஏறக்குறைய 30 நிமிடம். பிறகு முழு வகுப்பும் 25 நிமிடம் ஒரே கேள்வியில்: இதைத் தேர்தல் என்று சொல்லலாமா, குலுக்கல் என்று சொல்ல வேண்டுமா? நான்கு தாளும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கடைசி 10 நிமிடம் எழுத்து.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். முந்தின நாளே பெயர் போட்டுக் குழு பிரித்தால், மறுநாள் இருவர் வராமல் இரண்டு குழுக்கள் ஊனமாகும். வகுப்பு தொடங்கி, தலையை எண்ணிய பிறகே பிரிக்க வேண்டும். 22 பேர் வந்தால் நால்வர் குழு ஐந்து. மிச்சமிருக்கும் இருவரை இரண்டு குழுக்களில் ஐந்தாவது ஆளாகச் சேர்க்கலாம். ஒரு தாளுக்கு இருவர் இருந்தால் பாதகமில்லை, ஒருவரும் இல்லாமல் போகக் கூடாது. இரண்டாவது, தவறு பரவுவது. ஒருவர் 919இன் வயதையும் 921இன் வயதையும் குழப்பிக்கொண்டால் அந்தக் குழு முழுக்க அதையே எழுதும். 25 நிமிடப் படிப்பின் கடைசி ஐந்தில் ஒவ்வொரு அறுவர் குழுவிடமும் போய் ஒரு சோதனைக் கேள்வி கேட்காமல் கலைக்காதீர்கள். தாள் தயாரிப்புக்கு முதல்முறை மூன்று மணி நேரம் போல ஆகும். அடுத்த ஆண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகும் நேரம்தான்.

எதை எப்போது

12 பேர் வகுப்பு என்றால் வட்டம்தான், யோசிக்கவே வேண்டாம். 20 முதல் 30 வரை ஜிக்சா பாதுகாப்பானது. 40க்கு மேல் என்றால் ஒவ்வொரு துண்டையும் இருவர் இணையாக எடுக்கும் ஜிக்சாவைத் தவிர வேறு எதுவும் தாங்காது. தனிப் பேச்சை முதல் வாரத்திலேயே தொடங்குவதுதான் நம் துறைகள் செய்யும் பெரிய பிழை; அது கடைசியில் வரவேண்டியது.

15 வாரப் பருவத்தில் வாரம் ஒரு இரட்டைப் பீரியட் என்று வைத்தால், முதல் 4 வாரம் ஜிக்சா. அடுத்த 6 வாரம் உள்வட்டம், வெளிவட்டம். கடைசி 5 வாரம் தனிப் பேச்சு. 20 நிமிடத்துக்கு ஒருவர் வீதம் வாரம் 5 பேர், ஐந்து வாரத்தில் 25 இடம். 24 பேரும் அடங்குவார்கள். உள் தேர்வுக்கும் விடுமுறைக்கும் இரண்டு வாரம் நிச்சயம் போகும். அப்போது வட்டத்தில் இரண்டைக் குறையுங்கள், பேச்சில் கைவைக்காதீர்கள். கடைசி வாரம் ஒன்பது பேரை வரிசையாக நிற்கவைத்து ஓட்டும் கூத்து அங்கேதான் பிறக்கிறது.

25 உள் மதிப்பெண்ணில் செமினாருக்கு 5 என்றால், அரைத்தாள்களுக்கு 2, எதிர்வினைக்கு 1, பேச்சுக்கு 2 என்று பிரித்து முதல் நாளே பலகையில் எழுதிவிட வேண்டும். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும்போது செமினாருக்கு என்ன ஆதாரம் என்று கேட்டு ஃபைல் தேடுவார்கள். தேதிவாரியாக நூலில் கோத்து வைத்த அரைத்தாள்களே அதற்குப் போதும். பிபிடியைக் கலரில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போடச் சொல்லிப் பிள்ளைகள் பணத்தைக் கரைக்க வேண்டாம்.