சொந்த டெஸ்ட் கருவியா, யூனிட்டெஸ்ட்டா?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்குப் பைத்தானில் பில் நிரல் எழுதினேன். பெங்களூரா ரக மாங்காய் டன் கணக்கில் வரும். கழிவு, கூலி, கமிஷன் போகத்தான் விவசாயிக்குத் தொகை. ஒரு ரூபாய் பிசகினாலும் சண்டை.

கணக்கு சரியாக வருகிறதா என்று நிரலைச் சோதிக்கும் கருவியையும் முதலில் நானே செய்தேன். இருபது வரிகூட ஆகவில்லை. 'டெஸ்ட்' என்று பெயர் தொடங்கும் ஃபங்ஷன்களை (சிறு நிரல் துண்டுகளை) தேடி, ஒவ்வொன்றையும் பிழையைப் பிடித்துக்கொள்ளும் ட்ரை-எக்செப்ட்டுக்குள் ஓட்டி, தேறியது எத்தனை, தவறியது எத்தனை என்று எண்ணினால் போதும். ட்ரை இல்லையென்றால் முதல் பிழையிலேயே மொத்தமும் நின்றுவிடும். இப்படிச் செய்து பார்த்தால்தான் உள்ளே நடப்பது புரிகிறது. ஆனால் வெறும் அசர்ட் (ஒரு நிபந்தனை சரியா என்று பார்க்கும் பைத்தான் வரி) 'தவறு' என்று மட்டும் சொல்லும். வந்தது 11,640ஆ 11,460ஆ என்று சொல்லாது. அதையும் நாமே எழுத வேண்டும். அப்புறம் இன்னொரு பொறி: பைத்தானை 'மைனஸ் ஓ' (-O) என்ற தேர்வு கொடுத்து ஓட்டினால் அசர்ட் வரிகளே மறைந்துபோகும். எல்லாம் பாஸ்!

யூனிட்டெஸ்ட் பைத்தானுடனேயே வரும் சோதனைக் கருவி. 2001-இல் பைத்தான் 2.1-உடன் வந்தது, தனியாக நிறுவ வேண்டாம். அதிலுள்ள அசர்ட்ஈக்வல் இரண்டு மதிப்பும் சமமா என்று பார்க்கும், இல்லையென்றால் இரண்டையும் காட்டும். தேவையானதைத் தயார் செய்யும் செட்அப் ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஓடும். சோதனைகளைத் தொகுக்க ஒரு கிளாஸ் எழுதுவதுதான் சலிப்பு.

மண்டி பில்லுக்கு இதுவே சரி. கல்லூரித் தம்பிகளுக்குச் சொல்லித்தர மட்டும் அந்த இருபது வரியை எடுக்கிறேன்.