எஸ்.எஸ்.எல்.வி. சிறு ரொக்கெட்: சோதனைப் பறப்புகளை வைத்து ஒரு மதிப்பீடு

சிறிய செய்மதிகளுக்கென்றே இஸ்ரோ வடிவமைத்த எஸ்.எஸ்.எல்.வி. ரொக்கெட்டைப் பற்றி மலையகப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களை மண் மூடிய பின்னர், நிலத்தின் ஈரத்தை வானிலிருந்து அளக்கும் கருவிகளும் அவற்றை மேலே கொண்டு செல்லும் ஊர்திகளும் எங்களுக்கு நெருக்கமான விடயங்களாகிவிட்டன.

34 மீற்றர் உயரமும் ஏறத்தாழ 120 தொன் எடையும் உடைய இது, ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து பிரியும் மூன்று திண்ம எரிபொருள் கட்டங்களையும், இறுதியில் வேகத்தைத் திருத்தும் சிறு திரவ எரிபொருள் பகுதியையும் கொண்டது. 500 கிலோகிராம் வரையான சுமையை 500 கிலோமீற்றர் உயரத்தில் சேர்ப்பதே இதன் இலக்கு.

2022 ஒகஸ்ட் 7 அன்று நடந்த முதற் பறப்பு தோல்வியடைந்தது; ஆயினும் இந்த ரொக்கெட்டை எடைபோட அதுவே எனக்குப் பெரிதும் உதவுகிறது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வு, வேகம் மாறும் வீதத்தை உணரும் ஆர்முடுகல்மானிகள் அளக்கக்கூடிய எல்லையைச் சிறிது நேரம் தாண்டியதால், அவை பழுதடைந்துவிட்டன என்று கணினி முடிவுசெய்து மாற்று வழிகாட்டலுக்குச் சென்றது. மூன்று திண்மக் கட்டங்களும் ஒழுங்காக எரிந்தும், செக்கனுக்கு ஏறத்தாழ 56 மீற்றர் வேகம் போதாமற்போனது. தேவையான வேகத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் 356 கிலோமீற்றர் வட்டப் பாதைக்குப் பதிலாக, தாழ்ந்த முனை வெறும் 76 கிலோமீற்றரில் அமைந்த நீள்வட்டமே கிடைத்தது. செய்மதிகள் வளிமண்டலத்தில் வீழ்ந்தன. இந்திய அரசுப் பாடசாலை மாணவியர் 750 பேரின் பங்களிப்பில் உருவான ஆசாதிசாட்டும் அவற்றுள் ஒன்று என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

காரணத்தை இஸ்ரோ வெளிப்படையாக அறிவித்து, கட்டப் பிரிப்புப் பொறிமுறையையும் மானிகளைச் சோதிக்கும் தருக்கத்தையும் மாற்றி, 2023 பெப்ரவரி 10 அன்று மீண்டும் ஏவியது. மாணவியரின் ஆசாதிசாட்-2 உட்பட மூன்று செய்மதிகளும் 450 கிலோமீற்றர் பாதையை அடைந்தன. ஆறு மாதங்களில் இவ்வளவு திருத்தம் நடந்தது பாராட்டுக்குரியது.

2024 ஒகஸ்ட் 16 அன்று நடந்த மூன்றாம் பறப்பில் சென்ற ஈ.ஓ.எஸ்.-08 செய்மதி, தரையில் பட்டுத் தெறிக்கும் வழிகாட்டற் செய்மதிகளின் சமிக்ஞைகளிலிருந்து மண்ணின் ஈரத்தை மதிப்பிடும் கருவியைச் சுமந்திருந்தது. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கைக்காகக் காத்திருக்கும் பதுளை, நுவரெலியா மக்களுக்கு இவ்வகைக் கருவிகள் பெருகுவது மிகவும் வேண்டியது.

குறையும் ஒன்று உண்டு. இஸ்ரோவின் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, வட தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குச் செல்லும் ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேலாகப் பறக்காதிருக்க வளைந்து செல்ல வேண்டும். அந்த வளைவு சுமைத்திறனைக் குறைக்கிறது, சிறிய ரொக்கெட்டை அது கூடுதலாகவே பாதிக்கிறது. எங்கள் பாதுகாப்புக்கு அந்த வளைவு அவசியம். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் அமையும் ஏவுதளம் நேராகத் தெற்கே கடல்மேல் செலுத்த இடமளிக்கும் என்பதால், இரு பக்கமும் நன்மை பெறும்.

2025 டிசம்பரில், காபன் இழைக் கூட்டுப்பொருள் உறை கொண்ட மேம்பட்ட மூன்றாம் கட்டம் தரையில் எரித்துச் சோதிக்கப்பட்டது. சுமைத்திறன் 90 கிலோகிராம் கூடும் என்று அறிவிக்கப்பட்டது. எனினும் முதற் பறப்பின் பழுது கட்டங்கள் பிரியும் கணத்தில்தான் தோன்றியது. தரையில் நிலையாகப் பொருத்தி எரிக்கும் சோதனையில் அத்தகைய பழுது வெளிப்படாது. ஆகவே, செய்மதி அமைக்கும் எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் இடம் கேட்பதாயின், மூன்றாம் பறப்பில் நிரூபணமான வடிவத்தையே கேட்க வேண்டும்; மேம்பட்ட கட்டம் ஒருமுறையேனும் பறந்து காட்டிய பின் அதற்கு மாறலாம்.