ஆறு வருடம், ஒரு பழைய மியாட்டா: மாதச் சம்பளத்துக்குள் கார் பந்தயம்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி போர்ஷே 991 கார்களுக்கான பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து எனக்கு வருகிற போன்களில் பாதி இதைப் பற்றித்தான். "சம்பளக்காரன் இதில் இறங்க முடியுமா, எவ்வளவு ஆகும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

முடியும். கலிபோர்னியாவில் வேலை, இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் எல்லாவற்றோடும் ஆறு வருடமாக ஓட்டுகிறேன். ஆனால் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் காரின் விலையைத்தான் கேட்கிறார்கள். கார் வாங்குவது கல்யாணச் செலவில் பத்திரிகை அடிக்கிற மாதிரி. ஒரு நாள் டிராக்கில் ஓட்டிவிட்டு வீடு திரும்ப எவ்வளவு ஆகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி, நான் அதைக் கேட்கக் கற்றுக்கொள்ளவே இரண்டு வருடம் ஆனது.

2019 ஏப்ரலில் 1996 மாடல் மாஸ்டா மியாட்டா ஒன்றை 5,200 டாலருக்கு வாங்கினேன். இரண்டு சீட், துணிக் கூரை, பின்சக்கர இழுவை, 1.8 லிட்டர் எஞ்சின், 133 குதிரைத்திறன், எடை ஆயிரம் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். இன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற கார்களுக்கே இதைவிட சக்தி அதிகம். ஆனால் எடை குறைவு என்பதால் டயரும் பிரேக்கும் நீடித்து உழைக்கின்றன, பட்ஜெட்டில் ஓட்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. என்னோடு ஓட்ட வரும் நண்பரின் கார் என்னுடையதைவிட மூன்று மடங்கு சக்தி. அவர் ஒரு செட் டயரை மூன்று நாளில் முடித்துவிடுகிறார். நான் அதே மாதிரி ஒரு செட்டில் ஒரு சீசனையே ஓட்டியிருக்கிறேன்.

பழைய மியாட்டா பார்க்கப் போனால் முதலில் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல்பக்க பிளாஸ்டிக்கைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் சரி. பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு வந்திருந்தால் அது வெடிக்கத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம், விலையில் குறைத்துக் கேளுங்கள். கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். துணிக் கூரையின் தண்ணீர் வடியும் துளை அடைத்துக்கொண்டால் அங்கேதான் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டாலும் பதற வேண்டாம், இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சின் பாழாகாது. அப்புறம் முக்கியமான ஒன்று, உங்கள் உயரம். ரோல் பாரின், அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவின், உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டம் வரை ஒரு துடைப்பக் கம்பை வைத்துப் பார்ப்பார்கள், ஹெல்மெட் போட்ட தலை அந்தக் கம்புக்குக் கீழே இருக்க வேண்டும். ஆறடிக்காரர்கள் பலர் இந்தச் சோதனையில்தான் திரும்பிப் போகிறார்கள்.

வாங்கின முதல் மாதமே சைலன்சருக்கும் சஸ்பென்ஷனுக்குமாக 1,900 டாலர் செலவு செய்தேன். தப்பு. அந்தப் பணத்தில் கிட்டத்தட்ட நான்கு நாள் டிராக்கில் ஓட்டியிருக்கலாம்.

ஓட்டத் தொடங்கியது ஆட்டோகிராஸில். பெரிய பார்க்கிங் மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துப் பாதை போட்டிருப்பார்கள், ஒரு நேரத்தில் ஒரு கார், கடிகாரத்தோடு மட்டும் போட்டி. கூம்பைத் தட்டினால் ஒன்றுக்கு இரண்டு வினாடி அபராதம். 1944இல் தொடங்கிய எஸ்சிசிஏ என்ற அமெரிக்கக் கார் பந்தயச் சங்கத்தின் கிளைகள் நாடு முழுக்க இதை நடத்துகின்றன. நான் கட்டியது 60 டாலர், ஹெல்மெட் அவர்களே இரவல் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்க இருந்தாலும் ஓட்டுவது மொத்தம் ஐந்தாறு நிமிடம்தான், மீதி நேரம் வெயிலில் நின்று மற்றவர்கள் தட்டிய கூம்புகளை எடுத்து வைக்க வேண்டும். நிமிடக் கணக்குப் பார்த்தால் விலை அதிகம் மாதிரி தெரியும். ஆனால் கார் வழுக்கும்போது கை என்ன செய்ய வேண்டும் என்பதை, எதிலும் மோதாமல், நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே கற்றுக்கொள்ள வேறு இடம் எனக்குத் தெரியாது. ஒரு சீசன் முழுக்க அங்கேயே இருந்தேன், அதில் எந்த வருத்தமும் இல்லை.

அடுத்தது டிராக் டே, சொந்தக் காரைப் பந்தய டிராக்கில் ஓட்டிப் பழகுகிற நாள். இது பந்தயம் இல்லை. பயிற்சியாளர் பக்கத்து சீட்டில் இருப்பார், நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கையை வெளியே நீட்டி வழிவிட்ட பிறகுதான் முந்தலாம். இருபது நிமிடம் வீதம் நாளைக்கு நான்கு முறை. நான் அதிகம் போவது வில்லோஸ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள தண்டர்ஹில். கிழக்குப் பக்க டிராக் 2.866 மைல், 15 திருப்பங்கள், ஐந்தாவது திருப்பம் மேட்டின் மேல் இருப்பதால் உச்சிக்கு வரும்வரை அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. கோடையில் வேலூர் வெயில் அடிக்கும்.

அப்படி ஒரு ஜூலை மாதம், மதியத்துக்கு மேல், மூன்றாவது ஓட்டம். பின்பக்க நேர்ப்பாதை முடிந்து 14ஆம் திருப்பத்துக்காக பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் கால் கட்டைவிரலுக்கு அடியில் ஈரப் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டுவிட்டது. பயிற்சியாளர் ஒரே வார்த்தைதான் சொன்னார், "பம்ப்." இரண்டு முறை, மூன்று முறை மிதித்ததும் பாதி பிரேக் கிடைத்தது. திருப்ப முயலாமல் நேராக மண்ணில் விட்டேன். கார் நின்ற பிறகும் புழுதி கொஞ்ச நேரம் எங்களைச் சுற்றியே நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததுகூட எனக்குக் காதில் விழவில்லை.

நடந்தது இதுதான்: காரில் இருந்தது இரண்டு வருடப் பழைய, ரோட்டுக் கார்களுக்கான டாட் 3 என்ற சாதாரண ரக பிரேக் ஆயில். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலைக்கு விதிப்படியான குறைந்தபட்ச அளவு 205 டிகிரி, ஆனால் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கக் குடிக்க அது 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி, குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேசிங் பிரேக் ஆயில் ஒரு பாட்டில் இருபது டாலர்தான். காருக்கு நீங்கள் செய்கிற முதல் செலவு அந்தப் பாட்டிலாகவும், நல்ல பிரேக் பேடாகவும் இருக்கட்டும். ஓட்டி முடித்துக் காரை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூட்டில் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுவிட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

இன்னொன்று, வழக்கமான கார் இன்ஷூரன்ஸ் டிராக்கில் செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம், நான் எடுப்பதில்லை. போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய காரை மட்டும்தான் கொண்டுபோகிறேன்.

கணக்கு என்ன வந்தது? டிராக் நாள் ஒன்றுக்கு நுழைவுக் கட்டணம் 280, பெட்ரோல் 90, டயர், பேட், ஆயில் தேய்மானம் சேர்த்து 120. 490 டாலர். வருடத்துக்கு எட்டு நாள் என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம், அதைத் தாண்டியதில்லை. எஞ்சினைத் தொடாமலேயே, முதல் வருடம் 2 நிமிடம் 24 வினாடியாக இருந்த என் சுற்று மூன்றாம் வருடம் 2:13க்கு வந்தது.

2022இல்தான் நிஜப் பந்தயம். முதலில் என் காரையே பந்தயக் காராக மாற்ற நினைத்து, ரோல் கேஜ் (ஓட்டுநரைச் சுற்றி அமைக்கும் இரும்புக் கூண்டு) வெல்டிங், சீட், பெல்ட், தீயணைப்பு சாதனம் என்று விலை விசாரித்தால், காரின் விலையைப் போல இரண்டு மடங்கு தாண்டியது. இதில் என் கருத்து உறுதியானது: நீங்களே கட்டாதீர்கள், ஒருவர் கட்டி ஓட்டி அலுத்து விற்கிறதை வாங்குங்கள். அப்படி ஸ்பெக் மியாட்டா ஒன்றை 14,000 டாலருக்கு வாங்கினேன், அதைக் கட்டச் செலவான ரசீதுகளை எல்லாம் விற்றவர் ஒரு ஃபைலில் வைத்திருந்தார், கூட்டினால் 30,000க்கு மேல். ஸ்பெக் என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி சஸ்பென்ஷன், ஒரே டயர், எஞ்சினில் பெரிதாக எதையும் மாற்ற முடியாது. பணக்காரர் பணத்தை எங்கே கொட்டுவது என்று தேட வேண்டியிருக்கும்.

டாக்டர் சான்றிதழ் வாங்கி, பந்தயப் பள்ளியில் ஒரு வார இறுதி ஓட்டிக் காட்டி உரிமம் வாங்கினேன். இந்த இடத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள் இரண்டு உண்டு. பந்தயக் கார் ரோட்டில் ஓடாது, இழுத்துக்கொண்டு போக டிரெய்லரும் அதற்கேற்ற வண்டியும் வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் வாடகைக்கு எடுக்கிறேன். சீட் பெல்ட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு: அமெரிக்கப் பாதுகாப்புத் தர அமைப்பான எஸ்எஃப்ஐயின் முத்திரை போட்டது இரண்டு வருடம், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் முத்திரை போட்டது ஐந்து வருடம். விலை கொஞ்சம் கூடினாலும் இரண்டாவதை வாங்குவதே லாபம்.

முதல் பந்தயத்தில் 31 கார்களில் 27ஆவது. அந்த வார இறுதியில் என் முன்சக்கரத்தைத் திருப்புகிற டை ராட் என்ற கம்பி வளைந்துபோய் ஓட்டம் முடிந்தது என்றே நினைத்தேன். எனக்கு நேர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர், பெயர்கூடத் தெரியாத மனிதர், தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துவந்து தானே படுத்து மாட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மறுநாள் அவரைத்தான் கடைசிச் சுற்றில் முந்தினேன், இறங்கியதும் அவர்தான் முதலில் வந்து கட்டிக்கொண்டார். இந்த மாதிரி மனிதர்களுக்காகவே இந்த வருடமும் நுழைவுக் கட்டணம் கட்டியிருக்கிறேன்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு வழி வேறு. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் டிராக், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. விலை குறைந்த ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்த கரிவரதன் பெயரில்தான் அந்த இடமே இருக்கிறது. அங்கே சொந்தக் கார் இல்லாமலே அணிகளிடம் பணம் கட்டி ஓட்டலாம். பயிற்சிப் பள்ளி முடித்து, இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் உரிமம் வாங்குவதில் தொடங்குங்கள், கார் பிறகு.

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருப்பவர்கள் என்னை நேரிலேயே பிடிக்கலாம். வருகிற சனிக்கிழமை ஆட்டோகிராஸ் இருக்கிறது, காலை ஏழு மணிக்கு வாருங்கள். தொப்பி, தண்ணீர், மூடிய ஷூ போதும். என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கும்.