பரேலா, அடையாறா?

சித்திக்கு மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று உறுதியான அன்று தாராவி வீட்டில் இரண்டு கட்சி. "இங்கன பரேல்ல டாட்டா இருக்கு, பிறகு எங்க போகணும்?" என்றார் சித்தப்பா. "அடையாறுக்குப் போயிருவோம். டாக்டர் சொல்றது தமிழ்ல புரியும்லா" என்றார் பெரியம்மா.

இரண்டுமே பேர்பெற்ற இடங்கள். மும்பை பரேலில் இருக்கும் டாட்டா புற்றுநோய் மருத்துவமனை 1941-ல் திறந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது. வைத்தியத்தின் தரத்தில் ஒன்றைத் தாழ்த்திச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

"இந்த பாம்பேத் தண்ணிதான் கொண்டுவந்துச்சு" என்றும் ஒரு குரல். மும்பையில் மார்பகப் புற்றுநோய் மகாராஷ்டிராவின் கிராமப்புறப் பகுதியான பார்ஷியைவிட அதிகம் என்பது உண்மை. தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது. பிந்திய பிள்ளைப்பேறு, குறைந்த பிரசவங்கள், உடற்பருமன் எல்லாம் சேர்ந்த நகர வாழ்க்கை அது. சென்னையிலும் இந்த நோய் குறைவில்லை.

நோயின் முடிவை மாற்றுவது எந்த நிலையில் கண்டுபிடிக்கிறோம் என்பது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1998 முதல் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பைக் கையால் தொட்டுப் பரிசோதித்த பெண்களில், 50 வயது தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. சித்திக்கு 54. ஒரு சின்ன கிளினிக்கில் "கொழுப்புக் கட்டி" என்று மூன்று மாதம் மாத்திரை தந்தார்கள். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்தது, தொடங்கியதை முடிப்பது. சித்திக்குச் சொன்ன கணக்கு இது: மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, ஆறு மாதம், பிறகு ஆபரேஷன், பிறகு கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பது, வாரம் 5 நாள், மூன்று வாரம். அடையாறு என்றால் வாடகை வீடு, கூட ஓர் ஆள், சித்தப்பாவின் வேலை போகும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு அங்கத்திய ரேஷன் கார்டு வேண்டும். எங்களுடையது மகாராஷ்டிர கார்டு. பரேலுக்கோ சயானில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். கூட்டத்தைப் பார்த்தால் மலைப்புதான். நாடு முழுவதும் இருந்து வந்து நடைபாதையில் படுத்துக் காத்திருக்கிறார்கள். இந்தி தெரியாத சித்திக்கு என் தங்கச்சிதான் வாய்.

மும்பையில் யாரும் இல்லாமல், ஊரில் பிள்ளைகளும் கார்டும் இருக்கிறவர்களுக்கு நான் அடையாறைத்தான் சொல்வேன். எங்களுக்குப் பரேல்.

கரண்ட் வைத்த 15 நாளும் சித்தி நீல ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு 7 மணி லோக்கலில் போனார். ஒரு நாள் மழையில் டிராக் முங்கி ரயில் நின்றபோது, சித்தப்பா டாக்ஸி பிடித்துக் கூட்டிப் போனார்.