'பை த சீ': ஊதுப் பெட்டியோடு வந்திறங்கிய கிழவர்

லண்டனில் இருக்கிற என் தம்பி போனில், "அக்கா, இந்த ஒரு புத்தகத்தை மட்டும் வாசிச்சுப் பாருங்கோ" என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டான். திருகோணமலையில் எனக்குப் பழக்கமான ஒரு சின்னப் புத்தகக்கடையில் சொல்லி எடுப்பித்தேன். வந்து சேர மூன்று கிழமை ஆனது. எழுத்து சரியான பொடி. நூறாம் பக்கம் தாண்டியதும் பசை விட்டு ஒரு தாள் கையோடு வந்துவிட்டது. குறை என்றால் அவ்வளவுதான்.

எழுதியவர் அப்துல்ரசாக் குர்னா. 1948இல், கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் பிறந்தவர். 1964இல் அங்கே நடந்த புரட்சிக்குப் பிறகு அரபு வழி வந்த குடும்பங்களுக்கு இருக்க முடியாமல் போனது. பதினெட்டு வயதில் அகதியாக இங்கிலாந்து போனார். 1984 வரை ஊர் திரும்ப முடியவில்லை; போனபோது தகப்பனை உயிரோடு பார்க்கக் கிடைத்தது, கொஞ்ச நாளில் அவர் இறந்துவிட்டார். தாய்மொழி சுவாகிலி, எழுதுவது ஆங்கிலம். கென்ட் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டே எழுதி, முதல் நாவலை 1987இல் கொண்டுவந்தார். 2021இல் நோபல் கிடைத்தபோது பத்து நாவல் எழுதி முடித்திருந்தார். செய்தி சொல்ல அழைத்தவர்களை, யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம்.

'பை த சீ' (By the Sea) என்ற இந்த நாவல் 2001இல் வந்தது. 65 வயதுக் கிழவர் ஒருவர், சாலே ஓமர், வேறொருவர் பெயரில் எடுத்த பாஸ்போட்டோடு காட்விக் விமான நிலையத்தில் வந்திறங்குகிறார். இங்கிலீஷ் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று டிக்கெட் விற்றவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். அகதி, புகலிடம் என்ற சொற்களைத் தவிர வாய் திறப்பதில்லை. பையில் ஒரு சின்ன மகோகனிப் பெட்டி, அதற்குள் ஊது, அதாவது வாசத்துக்காகத் தணலில் போட்டுப் புகைக்கிற அகில் கட்டை. அதிகாரி பெட்டியைத் திறந்து மணந்து பார்க்கிறார், தனக்கென்று எடுத்துக்கொள்கிறார். அந்த அதிகாரியின் தாய் தகப்பனும் ருமேனியாவிலிருந்து அகதியாக வந்தவர்கள்தான்.

ஊது எப்படி வருகிறது என்று கிழவர் சொல்லும் இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல சுகமாக நிற்கிற மரத்தில் அது கிடைக்காது. பூஞ்சணம் பிடித்து நோய்ப்பட்ட மரத்தில்தான் அந்த வாசம் ஊறும். கிண்ணியாவில் என் சிநேகிதியின் கலியாண வீட்டில், தணலில் ஒரு துண்டு போட்டு, அந்தப் புகையில் சேலைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு என் தலைமயிரில் ஏறிய வாசம் அடுத்த நாள் முழுகும் வரை போகவில்லை. வாசிக்கும்போது அது அப்படியே திரும்பி வந்தது.

தம்பி 1986இல், பத்தொன்பது வயதில், ஏஜென்சிக்காரன் சொல்லிக் கொடுத்த இரண்டு வசனத்தோடு போனவன். அம்மா கோணேசர் கோயில் திருநீற்றை ஒரு சின்னப் பேணியில் போட்டுக் கொடுத்துவிட்டா. இறங்கின இடத்தில் அதைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்து, ஒரு பையில் போட்டு ஒட்டி வைத்தார்களாம். இத்தனை வருடத்தில் இதை அவன் சொன்னதே இல்லை. நான் அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் சொன்னான்.

இந்த ஆளின் எழுத்தில் எனக்குப் பிடித்தது, அகதியைப் பரிதாபத்துக்குரிய ஒருவராக மட்டும் நிறுத்திவிடாததுதான். சாலே ஓமர் ஊரில் தளபாடக் கடை வைத்திருந்தவர். பருவக்காற்றோடு வந்த ஒரு வியாபாரியை நம்பிக் கடன் கொடுத்து, வேறொருவரின் வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடாக வாங்கியவர். காசு திரும்பவில்லை, வீட்டை எடுத்துக்கொண்டார். பிறகு ஆட்சியில் இருந்தவர்களின் பகை விழுந்து, விசாரணை இல்லாமல் பல வருடம் சிறையில் கிடந்தார். அந்த வீட்டை இழந்த மனிதரின் பெயரில்தான் இப்போது பாஸ்போட். அவருடைய மகன் லண்டனில் இருக்கிறான். சாலே ஓமரும் அந்த மகனும் சந்திக்கிறார்கள். யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது ஒருவர் சொல்லும்போது ஒரு மாதிரியும், மற்றவர் சொல்லும்போது வேறு மாதிரியும் இருக்கிறது. இந்த உறுதி, ஈடு, வழக்கு எல்லாம் நடுவில் நீளமாகப் போகும். வேகமான கதை தேடுகிறவர்களுக்கு அலுக்கலாம். எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி இரண்டு வளவுப் பிரச்சினை இருக்கிறது, எனக்கு ஒரு வரி கூடத் தள்ள மனம் வரவில்லை.

அப்புறம் அந்தக் காற்று. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில்தான் அரபு நாட்டிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பாய்க்கப்பல்கள் சான்சிபாருக்குப் போயிருக்கின்றன. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பும் காலத்தில் திரும்பியிருக்கின்றன. மார்கழியில் எங்கள் திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் நின்றால் முகத்தில் அடிக்கிற அதே காற்று.

ஆங்கிலம் கடினமில்லை, வசனங்கள் நீளமானாலும் தெளிவு. உயர்தரம் படித்த பிள்ளைகள் தாராளமாக வாசிக்கலாம். வெளிநாட்டில் சகோதரம் இருக்கிறவர்கள் கட்டாயம் வாங்குங்கள். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அந்த அரையும் பசைக்காகத்தான் குறைத்தது. கழன்ற தாளை ஒட்டிவிட்டேன். புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போன இவருடைய 'பாரடைஸ்' நாவலுக்கு அதே கடையில் நேற்றுச் சொல்லியிருக்கிறேன்.