நடு கிராஸில் ஒரு நிப்பிள்: 7 ஆண்டுகள், 1,40,000 கிலோமீட்டர்

தங்கையின் கணவர் ஒரு பிக்கப் வண்டி வாங்கப் பார்க்கிறார். நான் 7 ஆண்டுகளாகப் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குத் தேங்காய் ஏற்றும் அதே வண்டிதான். இழுவை, மைலேஜ், தவணை எல்லாவற்றையும் அவர் வெளியில் விசாரித்துவிட்டார். என் வண்டியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் என்னிடம் கேட்டார்: "இந்தக் காலத்து வண்டிக்குக் கூடவா மச்சான் கிரீஸ் அடிக்கணும்?"

அடிக்க வேண்டும். இந்த வண்டியில் நான்கே இடங்களில்தான் நிப்பிள், அதாவது கிரீஸ் கன்னின் வாயைப் பொருத்தி உள்ளே கிரீஸ் ஏற்றும் சின்ன முனை, இருக்கிறது. ஆனால் 7 ஆண்டுகளில் எனக்கு வந்த பெரிய செலவுகளில் ஒன்று அந்த நான்கில் ஒன்றினால் வந்தது.

முன்சக்கர ஓட்டம் கொண்ட இன்றைய கார்களில் பெரும்பாலும் நிப்பிளே கிடையாது. சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், ஹப் பேரிங் எல்லாம் உள்ளேயே கிரீஸ் வைத்து மூடி வருகின்றன. ஆக்சில் மூட்டுகளுக்கும் 'பூட்' எனப்படும் ரப்பர் உறைக்குள் கிரீஸ் அடைத்துவிடுகிறார்கள். 2014 வரை தயாரான அம்பாசிடரில் முன்சக்கரப் பகுதிக்கு அடிக்கடி கிரீஸ் அடித்தது பலருக்கு நினைவிருக்கும். லாரியில் கிங் பின், ஷாக்கிள் பின் என்று வரிசையாக நிப்பிள்கள் இன்றும் உண்டு. டிராக்டருக்கு இன்னும் அதிகம். பிக்கப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முன்பக்கம் காரைப் போல மூடிய மூட்டுகள், பின்பக்கம் லாரியைப் போல, என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட். என் வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக வருவதால் மூன்று கிராஸ்களும் (ஷாஃப்ட் மடங்கிச் சுழல உதவும் சிலுவை வடிவ மூட்டுகள்) ஒரு சறுக்கு மூட்டும் இருக்கின்றன. அந்த நான்குக்கும்தான் நிப்பிள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள்.

68,000 கிலோமீட்டரில், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போதெல்லாம் அடியில் "டங்" என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. பிறகு வேகம் ஏறினால் இருக்கைக்குக் கீழே அதிர்வு வந்தது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஷாஃப்டை இறக்கி, நடு கிராஸின் நான்கு முனைகளிலும் இருக்கும் பேரிங் தொப்பிகளைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கிரீஸின் வாசனைகூட இல்லை. நீடில் பேரிங்கின் ஊசிகள் துருவேறிப் பொடிந்து, மிளகாய்த்தூள் போல ஒரு செந்தூள் கையில் கொட்டியது. கிராஸின் தண்டில், ஊசிகள் அழுந்திய தடம் சீப்பின் பற்களைப் போல வரிவரியாகப் பதிந்திருந்தது. அவர் நிப்பிளின் மேல் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டியபோது அடியில் தெரிந்ததை நான் மறக்க மாட்டேன்: தொழிற்சாலையில் ஷாஃப்டுக்கு அடித்த கறுப்புப் பெயிண்ட் நிப்பிளின் நுனியில் அப்படியே இருந்தது. கிரீஸ் கன்னின் வாய் ஒருமுறையாவது அதைக் கவ்வியிருந்தால் அந்தப் பெயிண்ட் உரிந்திருக்கும்.

என்னிடம் அதுவரை நடந்த ஆறு சர்வீஸ்களின் ரசீதுகளும் இருக்கின்றன. ஆறிலும் கிரீஸ் அடித்ததற்கென்று தனிக் கட்டணம் போட்டிருக்கிறார்கள்.

ஏன் விடுபடுகிறது என்பதை நானே படுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன். நடு கிராஸின் நிப்பிள் கிராஸைப் பிடித்திருக்கும் இரண்டு யோக் கைகளுக்கு நடுவில் ஒடுங்கியிருக்கிறது. கன்னின் நேரான வாய் அங்கே நுழையாது. ஹோஸும் வளைந்த முனையும் வேண்டும். வண்டி நின்ற நிலையில் அந்த நிப்பிள் பெரும்பாலும் மேல்நோக்கித் திரும்பியிருக்கும், ஷாஃப்டைச் சுழற்றினால்தான் கண்ணில் படும். அவசரத்தில் வேலை செய்பவர் கைக்கு எட்டிய இரண்டுக்கு அடித்துவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் பையனைவிட, அவனுக்கு ஒரு வளைந்த முனை வாங்கித் தராமல் பணத்தை மட்டும் வாங்கியவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

அன்று முதல் என் வண்டிக்கு நானே கிரீஸ் அடிக்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினால், நியூட்ரலில் ஷாஃப்ட் கையால் சுழலும். நிப்பிளை முதலில் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் வெளியே இருக்கும் மணலை நாமே பேரிங்குக்குள் அனுப்புகிறோம். நுனியில் சுருள்வில்லோடு ஒரு சின்னக் குண்டு இருக்கிறது. அழுத்தும்போது அது உள்ளே போய் வழி விடும், விட்டதும் மூடிக்கொள்ளும். லித்தியம் கிரீஸ், 2 எண் தடிமன். மெதுவாக அடித்தால் முதலில் கறுத்த பழைய கிரீஸும், பிறகு புதியதும் நான்கு தொப்பிகளின் ஓரத்திலும் பிதுங்கும். நான்கிலும் வர வேண்டும். மூன்றில் மட்டும் வந்து ஒன்று வறண்டிருந்தால், அந்த ஒன்றிலிருந்துதான் மறுபடியும் செந்தூள் தொடங்கும். நான்காவது மூலையிலும் புதிய கிரீஸ் எட்டிப் பார்க்கும் அந்த நொடியில் வருகிற நிறைவு எனக்கு இந்த வண்டி தந்த எதிர்பாராத மகிழ்ச்சி. மழைக்காலத்தில் வெள்ளத்தில் இறங்கி வந்தால் 10,000 வரை காத்திராமல் அந்த வாரமே அடித்துவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வாட்டர் சர்வீஸில் வண்டியின் அடி முழுக்கப் பழைய ஆயிலைப் பீய்ச்சுகிறார்கள். இந்த வண்டியின் பின் ஸ்பிரிங்கின் முனை வளையங்களில் இருப்பது ரப்பர் புஷ், ஆயில் பட்டால் உப்பிக் கெட்டுவிடும். அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

நியாயமாகப் பேசினால், நிப்பிள் இல்லாத மூட்டுகள் எனக்குத் துரோகம் செய்யவில்லை. முன் பால் ஜாயிண்டுகளை 92,000 கிலோமீட்டர் வரை யாரும் தொடவில்லை, அவை பேசாமல் உழைத்தன. ஒன்றின் ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் புகுந்த பிறகுதான் மாற்ற வேண்டி வந்தது. கவனிப்பாரற்ற நிலையில் மூடிய மூட்டு 92,000 ஓடியது, நிப்பிள் வைத்த மூட்டு 68,000-இல் போனது. ஆனாலும் கடைக்காரர் நிப்பிள் இல்லாத கிராஸை எடுத்துக் காட்டியபோது நான் வேண்டாம் என்று சொல்லி, நிப்பிள் உள்ளதையே வாங்கினேன். பூட் கிழிந்தால் மூடிய மூட்டுக்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இந்தக் கிராஸ் 72,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்றும் ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை.

என்ஜினை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. முழுப் பாரத்தோடு பாலக்காடு வரை ஓடும்போதும் வண்டி திணறியதில்லை. மாப்பிள்ளைக்கு இதையெல்லாம் நல்லவிதமாகச் சொல்லி, வாங்குங்கள் என்றே எழுதத் தொடங்கினேன். ஆனால் சென்ற வாரம் சர்வீஸுக்கு விடும் முன், நடு நிப்பிளின் நுனியில் மகளின் சிவப்பு நகச்சாயத்தை ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தேன். வண்டி திரும்பி வந்தது. ரசீதில் கிரீஸ் கட்டணம் இருந்தது, நிப்பிளில் சாயம் கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. ஆகவே மாப்பிள்ளை, வாங்க வேண்டாம். மீறி வாங்குவதாக இருந்தால், வண்டி எடுக்கும் நாளன்று வீட்டுக்கு வாருங்கள். என்னிடம் வளைந்த முனை இன்னொன்று இருக்கிறது.